தேய்மானம்

பாய்லருக்குப் பதினைந்து விழுக்காடு.
கட்டடத்துக்குப் பத்து.
திப்பி அள்ளும் டிராக்டருக்கும் பதினைந்து;
அதை ஓட்டும் வேடியப்பன் முதுகுக்கு
விதியில் இடமில்லை.
நிலத்துக்கு மட்டும் தேய்மானம் கிடையாது.
அது அப்படியே இருக்கும் என்பது
கணக்குப் படிப்பின் நம்பிக்கை.
இருபத்தாறு வருஷம் நானும் நம்பி எழுதினேன்.

வாழப்பாடிக்குக் கிழக்கே எங்கள் ஜவ்வரிசி ஆலை.
காயப்போடும் களத்தில் நின்றால்
தூரத்தில் சேர்வராயன் மலை.
மூட்டமான நாளில் மலை தெரியாது,
நாற்றம் தெரியும்.

குச்சிக்கிழங்கு பத்து மாசப் பயிர்.
நட்டவன் பத்து மாசத்துக்கு யோசிப்பான்.
நாங்கள் பாயிண்ட் பார்த்து லோடு இறக்கும் வரைக்கும்,
மிஞ்சினால் ஏலம் முடியும் வரைக்கும்.
எதிர்காலம் என்று இங்கே யாராவது சொன்னால்
அடுத்த செவ்வாய்க்கிழமை என்று அர்த்தம்.

அந்த வருஷப் பங்குதாரர் கூட்டத்துக்கு
மங்கையர்க்கரசி ஒரு சொம்பு தண்ணீரோடு வந்தார்.
ஓடைக்கு அக்கரை, அத்தாயி கிணற்றுத் தண்ணீர்.
குடிக்கச் சொல்லவில்லை யாரையும்.
மின்விசிறிக்குப் பறக்காதபடி
லாபக் கணக்குத் தாளின் மேல் வைத்தார்.
பத்து நிமிஷத்தில் அறை முழுக்கப் புளித்தது.

"ஏழு வருஷத்துக்குப் பங்கு பிரிக்க வேண்டாம்.
கழிவுக் குளத்தை மூடி வாயு எடுப்போம்.
தண்ணியச் சுத்தம் பண்ணித்தான் வெளிய விடணும்."

பச்சமுத்து எழுந்தார்.
"ஏழு வருஷம் கழிச்சு நான் இருப்பனாம்மா?"

"இருக்கமாட்டீங்கன்னுதான் இந்தக் கூட்டமே."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

சொல்லிவிடுகிறேன், நானும் எதிர்த்தவன்.
தை மாசம் மகள் கல்யாணம்; போனஸ் போய்விடும்.
ராத்திரி மூன்று முறை கூட்டிப் பார்த்து
தேறாது என்று எழுதிக் கொடுத்தேன்.
கிழிப்பார் என்று நினைத்தேன்.
கோப்பில் முதல் தாளாகக் கோத்துவைத்தார்.

பச்சமுத்து தன் பங்கை வாங்கிக்கொண்டு போய்
தலைவாசல் பக்கம் ஆலை போட்டார்.
நன்றாகத்தான் இருக்கிறார்.
மாமாங்கத்தில் வீடு, பேரனுக்குத் தனிக் கார்.
இதை விட்டுவிட்டால் கவிதை அழகாக முடியும்,
கணக்கு உதைக்கும்.

குளத்தின் மேல் போர்த்திய கறுப்புப் பாய்
சேற்றில் படுத்த எருமைபோல உப்பி எழுந்தது.
மறு வருஷமே கிழிந்தது.
அதற்கொரு கடன், அந்தக் கடனுக்கொரு கடன்.
விறகுச் செலவு பாதியான வருஷம்
மாவுப்பூச்சி விழுந்து கிழங்கே வரவில்லை.
ஏழு வருஷம் என்றது ஒன்பதாகியும்
அம்மா அதே பழைய ஸ்கூட்டரில்தான் வந்தார்,
ஸ்டாண்டு போட ஆள் தேடிக்கொண்டு.

யாரும் கேட்காமல் நான் ஒன்று செய்தேன்.
சொத்துப் பட்டியலின் கடைசியில், பென்சிலால்,
'அத்தாயி கிணறு' என்று ஒரு வரி.
ஒவ்வொரு சித்திரையும் உப்பு மீட்டரை முக்கி
வருகிற எண்ணை எதிரே எழுதினேன்.
2900. 2860.
3040, அது மழை பொய்த்த வருஷம்.
2400.

சேலத்திலிருந்து வரும் இளம் ஆடிட்டர்
பேனா முனையால் அந்த வரியைத் தொட்டார்.
"இது சொத்தா சார், கடனா?
கிணறு நம்மளது கூட இல்லையே."

எனக்குத் தெரியவில்லை. டீ சொன்னேன்.
அவர் அழிக்கவில்லை.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு
அடுத்த பக்கம் திருப்பினார்.

இந்தச் சித்திரைக்கு இன்னும் எழுதவில்லை.
மீட்டரோடு போனேன், பேட்டரி தீர்ந்திருந்தது.
கிணற்று மேட்டில் சும்மா நின்றேன்.
அத்தாயி இன்னும் அந்தத் தண்ணீரைக் குடிப்பதில்லை,
எங்களை நம்புவதும் இல்லை.
மாட்டுக்கு ஒரு வாளி சேந்தி வைத்தார்.
முன்பெல்லாம் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளுமாம்.
வாளியின் அடி தெரியும்வரை குடித்தது.